போடிக்காரர்களைத் தீவுக்குக் கூட்டிப் போனேன்

சுற்றுலா கூட்டிப் போகிற தொழிலில் அழகான காட்சிகளெல்லாம் ஆண்டவன் கணக்கில் சேரும். மழை, வாந்தி, நேரத்துக்குக் கிடைக்காத காப்பி எல்லாம் நம் தலையில் விழும். நாலு உறவுக்காரர்களை வேனில் ஏற்றித் திருச்செந்தூர் வரைக்கும் போய் வந்தவர்களுக்குக்கூட என் கஷ்டம் புரியும். போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்ன ஆபீஸ் போட்டுக் கோயில் டூர் நடத்திக்கொண்டிருந்த நான், முதல் தடவையாக ஊர்க்காரர்களை விமானமேற்றி அந்தமானுக்குக் கூட்டிப் போனேன்.

வந்தவர்களில் சிலமலை பேச்சியம்மாக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார்ந்து கடலுக்குள் இருக்கும் பவளப்பாறையைப் பார்க்க வேண்டும். காட்டுகிறேன் என்று அவர் வீட்டில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். அது நடக்காவிட்டால் சிலமலைப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது, மறுபடியும் வேனில் கோயில் டூர்தான்.

பச்சைப் புறா

முதல் நாள் காட்டுக்குள் நடை. வானமே தெரியாத உயரத்துக்கு மரங்கள். வழிகாட்டி குரலைத் தாழ்த்தி, மேலே ஒரு பச்சைப் புறா இருப்பதாகக் கை காட்டினார். நம் ஆட்கள் ஒருவர்கூட நிமிரவில்லை. மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ராசிங்காபுரம் சின்னச்சாமி அண்ணன் குனிந்து மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார். உடனே மற்றவர்களும் குனிந்தார்கள். தண்ணீர் தேங்குமா, வடியுமா என்று பெரிய விவாதம். புறா பொறுத்துப் பார்த்துவிட்டுப் பறந்து போனது.

வழிகாட்டி என்னைப் பாவமாகப் பார்த்தார். சின்னச்சாமி அண்ணன் கை மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார்: "இம்புட்டு நெழலையும் மழையையும் வச்சுக்கிட்டு ஒரு ஏலச்செடிகூட நடாம, என்ன சோலிதேன் பாக்குறாங்கெ இந்த ஊர்ல?"

போகாத ரோடு

அங்கே ஆதிக்குடிகள் வாழும் காட்டுக்குள் ஒரு ரோடு போகிறது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் எதுவும் கொடுக்கக் கூடாது. அந்த ரோட்டுக்கு அப்பால் இருக்கும் குகையைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்த மனிதர்களைப் பார்க்கவே போகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை, திட்டத்தில் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக அவர்கள் புழங்கும் பொருட்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடம், வில், தேன் எடுக்கும் மரக்குடுவை என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நம் ஆட்கள் கண்ணெடுக்காமல் நின்றார்கள். அப்பாடா என்றிருந்தது.

வெளியே வந்ததும் சின்னச்சாமி அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். இவ்வளவு தூரம் வந்து நேரில் பார்க்காமல் போனால் ஊரில் என்ன சொல்வது என்றார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பேச்சியம்மாக்கா குறுக்கே வந்து சொன்னார்: "கொரங்கணி மலைக்கு மேல கூலிக்கு ஏலக்காய் எடுத்துக்கிட்டு இருக்கேன், மலையேற வந்த பயலுக என்னையக் கேக்காமலே போட்டோ எடுத்துட்டுப் போனானுக. அன்னைக்கு முச்சூடும் எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத்தேன் தெரியும். விடுங்கண்ணே, போக வேணாம்."

சாம்பிள்

கடைசி நாள் கடல் பூங்கா. அந்தக் குட்டித் தீவிலிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுத்து வரக் கூடாது என்று படகிலேயே தொண்டை கிழியச் சொன்னேன். எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியவர் ஏலக்காய் வியாபாரி காஜா அண்ணன். கரையில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு வனக்காவலர் அவரை மறித்தார். சட்டைப் பை புடைத்திருந்தது. உள்ளே சிப்பியும் பவளத் துண்டுகளுமாக ஒரு பிடி.

"திருடலை தம்பி, சாம்பிள்தேன்" என்றார் காஜா அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. ஏலக்காயை ஏலம் விடும் மையத்தில் ஒரு பிடி காயை அள்ளிப் பருமன் பார்த்து, நிறம் பார்த்து, மோந்து பார்த்தே பழகிய கை. மூளையைக் கேட்காமல் அதுவாக அள்ளிவிடும். காவலருக்கு இதெல்லாம் தெரியுமா? எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கண்ணாடிப் படகில் ஏறக் கூடாது என்றுவிட்டார். பேச்சியம்மாக்கா கணுக்கால் தண்ணீரில் நின்று படகையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. காஜா அண்ணனைக் கடலில் தள்ளலாமா என்றும் இருந்தது.

நான் கெஞ்சிக் கேட்டபின் காவலர் கொஞ்சம் இறங்கி வந்தார். எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் வைக்க வேண்டும் என்றார். நடக்கிற காரியமா? ஆனால் எந்தச் சாம்பிள் எந்த மூட்டையில் எடுத்தது என்று மறந்தால் காஜா அண்ணனுக்குப் பிழைப்பே கிடையாது. இது அந்த வேரடியில், இது நண்டு வளை ஓரத்தில் என்று தயங்காமல் வைத்துக்கொண்டே போனார். காவலர் பின்னாலேயே நடந்தார், வாய் திறந்தபடி. கடைசிச் சிப்பியையும் வைத்தபோது ஒரே ஒரு படகுதான் பாக்கி. "சரி, ஏறிப் போங்க" என்றார் காவலர். "அவர் கையை மட்டும் யாராவது புடிச்சுக்கிட்டே போங்க."

கண்ணாடிக்குக் கீழே

சின்னச்சாமி அண்ணன் நிஜமாகவே காஜா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடிக்கு அடியில் பவளப்பாறை விரிந்தது. மஞ்சளும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாக நிற்க, இடுக்குகளில் மீன்கள் நுழைந்து நுழைந்து வந்தன. பேச்சியம்மாக்கா குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். காஜா அண்ணன் தம் வெறும் பையைத் தடவிக்கொண்டார்.

பேச்சியம்மாக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஆத்தாடி! ஒம்ம பையில கெடந்தப்ப வெறும் சுண்ணாம்புக்கல்லு மாதிரில்ல இருந்துச்சு அண்ணே, இங்கன பாருங்க, உசுரோட குடித்தனம் பண்ணுது."

இப்போதெல்லாம் டூருக்குப் பதிவு செய்ய வருகிறவர்களிடம் ஆதார் அட்டையைக் கேட்பதற்கு முன்னால், பை வைக்காத சட்டை ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.