கொம்பு வண்டிக்கு வைத்த பொட்டு

என் தங்கை காவேரியைக் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. மெக்கானிக் என்றால் சைக்கிள் கடையா என்பார்கள். இல்லை என்றால் லாரியா என்பார்கள். லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற வண்டியப்பா, அதை ரிப்பேர் பார்க்கிறார் என்றால், "சரக்கு ஏத்தத்தான் ஆளு இருக்குதே, அதுக்கு எதுக்கு வண்டி?" என்று திருப்பிக் கேட்பார்கள். சாமல்பட்டி ஸ்டேஷன் பக்கம் போய்ப் பாருங்கய்யா, கண் இருக்குதில்ல என்று கத்திவிட்டு வந்துவிடுவேன். எனக்குப் பொறுமை கிடையாது. நாராயணப்பன் என்றால் கோபக்காரன் என்று போச்சம்பள்ளி வரைக்கும் தெரியும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் அணை வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சாமல்பட்டி ஸ்டேஷனை ஒட்டி ஒரு கான்ட்ராக்டருடைய யார்டு. ரயில் வாகனில் வந்து இறங்கும் சிமெண்டும் இரும்பும் அங்கே லாரிக்கு மாறும். கடப்பாரை, கொக்கி, சங்கிலி எல்லாம் காய்ச்சி அடித்துக் கொடுக்க அங்கேயே நான் பட்டறை போட்டிருந்தேன். மிலிட்டரிக்காரர்கள் கழித்துக்கட்டிய சாமான்களைப் பெங்களூரில் ஏலம் விட்டபோது, கான்ட்ராக்டர் ஆசைப்பட்டு ஒரு ஃபோர்க்லிஃப்டை எடுத்து வந்துவிட்டார். முன்னால் இரண்டு நீளமான இரும்புக் கொம்பு. சரக்குக்கு அடியில் கொம்பை நுழைத்து, லீவரை இழுத்தால் அப்படியே மேலே தூக்கும். அதனால் எங்கள் எல்லோருக்கும் அது கொம்பு வண்டி. தூக்கும் என்று சொன்னார்களே தவிர, வந்த புதிதில் அது எதையும் தூக்கவில்லை. தகரக் கொட்டகையில் கிடந்தது, கோழிகள் அதன்மேல் ஏறி அடைந்தன.

அப்படி இருந்தபோதுதான் கல்லாவியிலிருந்து சம்பங்கி வந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, அசாம் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் இந்த மாதிரி வண்டிகளோடேயே கிடந்தவர். திரும்பி வந்ததும் அண்ணன்காரர் இவர் கையில் ஏரைக் கொடுத்தார். இவரும் உழுதார், ஆனால் மனசு அதில் இல்லை. யார்டில் இப்படி ஒரு வண்டி சும்மா கிடக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். வந்தவர் சூப்பர்வைசர் திம்மப்பனிடம் வேலை கேட்கவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய்க் கோழிகளை விரட்டினார்.

எஞ்சினைப் பிரித்தார், கழுவினார், சேர்த்தார். பெங்களூருக்குப் போய் இரண்டு சாமான் வாங்கி வந்தார். கிடைக்காத சாமானுக்கு என் பட்டறை இருக்கவே இருந்தது. ஒரு இரும்புப் பின் அடித்துக் கொடுத்தால், கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, "கொஞ்சம் கூட இருக்குது மச்சான்" என்பார். அப்போது எனக்கு அவர் மச்சானும் இல்லை, ஒன்றும் இல்லை. தேய்த்துக் கொடுப்பேன். மறுபடி வந்து, "இன்னும் ஒரு முடி" என்பார். அந்த முடியைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வரும். ஆனாலும் அந்த ஆளைப் பிடித்துப்போனது. தங்கையைக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வண்டியை ஓட்டுவதும் அவர், ரிப்பேர் பார்ப்பதும் அவர். கன்னட லாரிக்காரர்களோடு கன்னடத்தில் பேசுவார், தெலுங்குக்காரச் சுமை ஆட்களோடு தெலுங்கில் பேசுவார், வண்டியோடு பேசுவது மட்டும் தமிழில்தான். சட்டம் ஒன்று வைத்திருந்தார்: தூக்கிய சரக்குக்குக் கீழே எவனும் போகக் கூடாது. "மாமியாரே நின்னாலும் இழுத்துக்கினு வெளியே வந்துடு" என்பார். அது என் அம்மாவைச் சொல்வது என்று எனக்குத் தெரியாதா என்ன! போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த வண்டியின் உயிர் ஒரு சிலிண்டரில் இருந்தது. அதற்குள்ளிருந்து எண்ணெயின் பலத்தில் ஒரு தண்டு மேலே எழும்பும். அதுதான் கொம்பைத் தூக்குவது. தண்டு நுழைகிற வாயில் எண்ணெய் வெளியே கசியாமல் ஒரு தோல் வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய தோல் மக்கிப்போனதால், அந்த வருஷம் புரட்டாசியில் சம்பங்கி தன் கையாலேயே புதுத் தோலை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் போட்டார். ஒரு சொட்டு கசியவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. யார்டில் கடப்பாரை முதல் தராசு வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று. கொம்பு வண்டிக்குத்தான் அமர்க்களம். தேர் மாதிரி உயரமாகத் தெரியட்டும் என்று சம்பங்கியே கொம்பை உச்சிவரை தூக்கி, கட்டை கொடுத்து நிறுத்தினார். தூக்கியதும் உள்ளே இருந்த தண்டு முழுக்க வெளியே வந்து பளபளவென்று நின்றது. துருப்பிடித்த வண்டியில் அது ஒன்றுதான் கண்ணாடி போல மின்னும். காவேரி பார்த்தாள். லட்சணமான இடம் இதுதான் என்று தண்டு நெடுக அடுக்கடுக்காகச் சந்தனம் பூசி, குங்குமம் அப்பி, அட்சதையும் ஒட்டிவிட்டாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பூசணிக்காய் உடைத்தார்கள். மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கட்டையை எடுத்துவிட்டுக் கொம்பை இறக்கினார் சம்பங்கி. பொட்டும் தண்டோடு உள்ளே போனது. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பம்பு செட் வைத்த மரப்பெட்டி ஒன்று வாகனிலிருந்து இறங்கியது. சம்பங்கி அதை லாரி உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினார். லாரி இன்னும் பின்னுக்கு வரவேண்டும். அதன் எஞ்சின் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் கூப்பிட்டான் என்று சம்பங்கி இறங்கி அங்கே போனார். அந்த நேரம் பார்த்துச் சிலிண்டர் வாயிலிருந்து எண்ணெய் வழிய ஆரம்பித்தது. கொம்பு மெல்ல இறங்கியது, பிறகு எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு அடிக்கப் பெட்டி தடாலென்று கீழே வந்தது. "ஐயோ!" என்று ஒரு சத்தம். சுமை ஆள் எல்லப்பன் பெட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். நான் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கால் தப்பியது. செருப்பு மட்டும் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது, கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. அவ்வளவுதான், சாமி காப்பாற்றியது. ஆனால் சம்பங்கியைப் பார்க்க வேண்டுமே! முகத்தில் ரத்தமே இல்லை. சிலிண்டர் வாயில் வழிகிற எண்ணெயைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "நான் வெட்டுன தோலு" என்றார். ஸ்பானர்களைச் சாக்கில் சுற்றி என் பட்டறையில் வைத்துவிட்டு, காவேரியைக் கூட்டிக்கொண்டு கல்லாவிக்குப் போய்விட்டார்.

கோபம் தணிந்தால் வருவார் என்று இருந்தேன். வரவில்லை. அவருக்குக் கோபம் இருந்தால்தானே தணிவதற்கு! அது பயம். ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்த கையை இனி அந்த வண்டியில் வைக்கமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாராம். இந்தப் பக்கம் திம்மப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் சரக்கு குவிகிறதே. "ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க மாப்பிள்ளை வரலைன்னா வண்டியப் பெங்களூருக்கு அனுப்பிடுவேன் நாராயணப்பா. போனா திரும்பாது. அவருக்கும் இங்க வேலை இருக்காது" என்றார்.

எனக்குக் கோபம் உச்சி மண்டையில் ஏறிவிட்டது. தோல் சரியில்லை, தோல் சரியில்லை என்கிறாரே, அதை யாராவது கழற்றிப் பார்த்தோமா? இரண்டு ஆளை வைத்துக்கொண்டு நானே சிலிண்டர் வாயைக் கழற்றி, அந்தத் தோலை உருவி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கல்லாவிக்குக் கிளம்பினேன். அவர் மூஞ்சியில் விட்டெறிவதற்குத்தான். எனக்கு அது நல்ல தோலா கெட்ட தோலா என்று என்ன தெரியும்? பார்க்க வேண்டியவர் பார்க்கட்டும் என்றுதான்.

மாப்பிள்ளை ராகிக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். காவேரி கொஞ்சம் தள்ளிக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மனசு நன்றாக இருந்தால் நான் அவரை நீங்க என்பேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"என்னா மாப்ள, இதான் உன் வேலையா இனிமே?"

"உடு மச்சான். கை மேல நம்பிக்க போயிடுச்சி."

"அந்தக் கை செஞ்சதத்தான் கொண்டாந்திருக்கறன். எப்புடி கெட்டுச்சின்னு வாயத் தொறந்து சொல்லு. அப்பறம் நீ ராகியே அறு, எனுக்கு என்னா வந்துச்சி!"

வாங்க மாட்டேன் என்றார். கையில் திணித்தேன். வேண்டா வெறுப்பாகப் பிரித்தார். கட்டைவிரலால் தோலின் உள்பக்கத்தைத் தடவினார். நின்றார். மறுபடி தடவினார். வெயில் பக்கம் திருப்பிப் பிடித்தார். விரலைப் பார்த்தால் சிவப்பு. நகத்தால் சுரண்டியதும் காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதற்குள்ளே பாதி நொறுங்கிய அரிசி ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மச்சான்" என்றார். குரலே மாறிவிட்டது. "இது குங்குமம்."

"குங்குமமா?"

"குங்குமம்தான். தோலு நல்லாத்தான் இருக்குது, பாரு, இந்தப் பக்கமெல்லாம் அப்புடியே இருக்குது. தண்டுல பூசுனது தண்டோட எறங்கி வாயில சிக்கிக்கிச்சி. ஒவ்வொரு தபா ஏறி எறங்கும்போதும் அரத்த வெச்சி ராவுன மாதிரி ராவியிருக்குது!"

இதைக் கேட்டதும் காவேரி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே பூசுனன். ஐயோ, அந்த அண்ணன் காலு போயிருந்தா?" என்று அழ ஆரம்பித்தாள்.

"நீ ஏன் அழுவற? தண்டத் தூக்கி நிறுத்தி, பூசுறதுக்கு வாட்டமா வெச்சது யாரு? நான்தானே? எறக்கும்போது தொடைக்காத உட்டதும் நான்தானே?" என்றார். திட்டுகிற வார்த்தைதான், ஆனால் முகத்தில் சிரிப்பு. தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிக்கொண்டே இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் என்ன, நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிய மாதிரி இருந்தது. கொல்லை வரப்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் மூன்று பேரும் சிரித்தோம். தோலை வெட்டிய கை கெடவில்லை, அது போதும் அவருக்கு. அண்ணன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இதுகளுக்குப் பைத்தியம் என்று போய்விட்டார்.

சனிக்கிழமை யார்டுக்கு வந்தோம். சம்பங்கி உள்ளே நுழைந்ததும் எல்லப்பன் சிமெண்டு மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்தான். இவர் முகம் சுருங்கிவிட்டது. என்னைக் கண்டு பயப்படுகிறான், பயப்படத்தானே செய்வான் என்று முணுமுணுத்தார். எனக்கு வந்ததே கோபம்! எல்லப்பனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் நிறுத்தினேன்.

"எதுக்குடா ஒளியற? அவரு உன்ன என்னா பண்ணிட்டாரு?"

எல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "அவரு ஒண்ணும் பண்ணலண்ணா. நான்தான் பண்ணன். பீடிக்கட்டு கொம்புக்குக் கீழ உழுந்துடுச்சி. அவரு அந்தாண்ட போனாரே, டக்குனு எடுத்துக்கலாம்னு கால உட்டன். போவாதன்னு அவரு ஆயிரம் தபா சொல்லியிருக்காரு. எம்மேல கோவிச்சிக்கினுதான் வேலைய உட்டுட்டுப் போயிட்டாருன்னு ஊரே பேசுது" என்றான்.

அடப்பாவிகளா! அவன் இவருக்குப் பயந்து ஒளிகிறான், இவர் அவனுக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடியிருக்கிறார். இரண்டு பேர் தலையையும் பிடித்து மோதலாமா என்று பார்த்தேன். அதற்குள் சம்பங்கி எல்லப்பன் தோளைப் பிடித்துக்கொண்டார். "கோவமெல்லாம் இல்லடா. நகம் மொளச்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

புதுத் தோல் வெட்டினார். வெட்டுவதற்கு முன் மூன்று தரம் அளந்தார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சிலிண்டரைக் கழுவி, தண்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, தோலைப் போட்டு முடுக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திம்மப்பன் வந்தார். அவர் சொன்னது நியாயமான பேச்சு: சிமெண்டு மூட்டைகளைத் தூக்கி நிறுத்துவது, சாப்பாட்டு நேரம் முழுக்க அப்படியே விட்டுவைப்பது, இறங்கியிருந்தால் வண்டி பெங்களூருக்கு. கொம்பு நிற்கிற உயரத்துக்கு நேராகக் கம்பத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். சுற்றிலும் கயிறு கட்டி, ஆட்கள் கலைந்து சாப்பிடப் போனார்கள்.

சம்பங்கியால் அங்கே நிற்க முடியவில்லை. என் பட்டறைக்கு வந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். காவேரி கட்டிக்கொடுத்த களி அப்படியே இருந்தது. தொடவில்லை. துருத்தியை ஊதுங்க மாப்ள என்றேன். ஊதினார். இரும்பே வைக்காத உலையை ஊதிக்கொண்டிருந்தார். போதும் என்று நானும் சொல்லவில்லை. எனக்கும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை, சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லப்பன் மட்டும் சாப்பிடப் போகவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம், சுண்ணாம்புக் கோட்டுக்கு நேரே குந்திக்கொண்டு, கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். மற்றவர்கள் கை கழுவிவிட்டு வருவதற்கு முன்னாலேயே எழுந்து, அந்த வலிக்கிற காலை நொண்டிக்கொண்டே பட்டறைக்கு ஓடி வந்தான்.

"எறங்கலண்ணா!" என்றான். "ஒரு நூலுகூட எறங்கல. எங்கண்ணால பாத்தன்."

சம்பங்கி துருத்தியை விட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். எல்லப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன செய்வது என்று தெரியாமல் நான் களியை எடுத்து மூன்று பேருக்கும் உருட்டி வைத்தேன்.