பெட்டியில் வைக்காத கோட்டு

சித்தப்பா வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. கொடியில் காய்ந்த தன் சட்டைகளை அவரே போய் எடுத்துவந்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் கொடிப்பக்கம் போனது அன்றுதான் முதல் தடவை என்று சித்தி சொல்வாள்.

வேறு ஊரில் வேறொரு பெண்ணோடு இருக்கப்போவதாக முந்தின நாளே சொல்லிவிட்டார். சித்தி சண்டை போடவில்லை. கட்டில்மேல் பெட்டியைத் திறந்துவைத்து அவர் துணிகளை அள்ளித் திணிப்பதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டைமேல் செருப்பை வைத்தபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“தள்ளுங்க.”

எல்லாவற்றையும் வெளியே கொட்டி முதலிலிருந்து அடுக்கினாள். கனமானவை அடியில். ஷூவுக்குள் காலுறை. காலர் நசுங்காமல் இருக்க உள்ளே சுருட்டிய பெல்ட். சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜிப் ஒரே இழுப்பில் மூடியது. “தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார், கடைக்காரரிடம் சொல்வதுபோல.

அவர் போனதும் கரண்டி டிராயரை உருவிக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, பெரிது சிறிது பார்த்துத் திரும்ப வைத்தாள். பிறகு படுத்துத் தூங்கிவிட்டாள். நன்றாகவே தூங்கினாளாம்.

எங்கள் குடும்பத்தில் இது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. என் அம்மாவுக்குச் சொந்தத் தங்கை என்ற இரக்கமெல்லாம் கிடையாது.

“ஓடிப்போறவனுக்கு மூட்டை கட்டிக் கொடுத்த மகராசி நீ ஒருத்திதான்டி. வழிக்குச் சோறும் கட்டிக் கொடுத்திருக்க வேண்டியதுதானே?”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்க்கா.”

ஊர் ஊராகச் சுற்றி ஓய்ந்து, தனியாக ஒரு அறை கிடைக்கும்வரை என்று நான் சித்தி வீட்டில் வந்து இறங்கினேன். என் முதுகுப்பையைப் பார்த்ததுமே, “இது பையா, குப்பைத்தொட்டியா?” என்றாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் பிழைப்பு முழுவதும் மூன்று அடுக்காக மேசைமேல் இருந்தது.

சித்திக்குச் சலவைக் கடையின் பின்னறையில் வேலை. வந்த துணிகளின் பைகளைத் துழாவிப் பார்த்து, எண் சீட்டு குத்தி, இஸ்திரி ஆனதும் உறை மாட்டித் தொங்கவிடுவாள். ஒருநாள் வேறு யாரோ கருக்கிய ஒரு பட்டுச் சட்டைக்காக முதலாளி வாடிக்கையாளர் முன்னாலேயே இவளைத் திட்டினார். வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறை ஜாடிகளையெல்லாம் இறக்கிவைத்து மூடிகளைத் துடைக்கத் தொடங்கினாள். கடைசி மூடியைத் துடைக்கும்போது முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. அதில் ஒரு ஜாடியையாவது அந்த ஆள் தலையில் போட்டிருக்கலாம்.

“உனக்குக் கோபமே வராதா சித்தி?”

“வராம என்ன? மூடியெல்லாம் துடைச்சு முடிக்கிறதுக்குள்ள போயிடும்.”

“போகாம இருந்தா அந்த ஆளை நாலு கேள்வி கேட்டிருப்பியே.”

“கேட்டா வேலை போகும். அப்புறம் துடைக்க ஜாடி ஏது?”

அவளுடைய துணி அலமாரியில் ஒரு பாதி காலி. அந்தக் காலிப் பாதியில் ஒரே ஒரு கம்பளிக் கோட்டு தொங்கும், சித்தப்பாவுடையது. விடுமுறை நாளில் அதை எடுத்து பிரஷ் போட்டு, பைகளுக்குள் கைவிட்டுப் பார்த்து, பொத்தான்களை மாட்டி, திரும்பத் தொங்கவிடுவாள். அவ்வளவு நேர்த்தியாகப் பெட்டி அடுக்கியவள் இதை எப்படி மறந்தாள் என்று ஒருநாள் கேட்டேன்.

“மறக்கல. வேணும்னுதான் வைக்கல.”

எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, விளக்கினாள். “எங்க கடையிலதான் பார்க்கிறேனே. கோட்டைச் சலவைக்குப் போட்டுட்டுப் போறவங்க வெயில் காலம் முழுக்க எட்டிப் பார்க்க மாட்டாங்க. முதல் குளிர் அடிச்சதும் விழுந்தடிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க.”

“வரவே வராதவங்க?”

“அதை முதலாளி யாருக்காவது கொடுத்துடுவார்.” சொல்லிக்கொண்டே காலரில் இல்லாத ஒரு நூலைக் கிள்ளினாள்.

சித்தப்பா போய் எத்தனையோ குளிர்காலம் கடந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் முதல் குளிர் நாளன்று சித்தி எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வருவாள். வாசலில் இருக்கும் செருப்பு அலமாரியை ஒழுங்குபடுத்துவாள். நான் வந்தபிறகும் இருப்பதே எங்கள் இரண்டு பேர் செருப்பு; அதில் என்னத்தை ஒழுங்குபடுத்துவது? எல்லாவற்றையும் ஒரு ஓரமாக நகர்த்தி, மேல் தட்டில் ஒரு ஜோடி ஷூவுக்கு இடம் விடுவாள். அந்த இடத்தைத் துடைத்து முடிக்கும்போது, அவர் வரத்தான் போகிறார் என்று நம்புகிற அளவுக்கு அமைதியாகிவிடுவாள். சுவரில் முட்டிக்கொண்டு அழுதிருந்தால்கூட ஒரே வருடத்தில் தீர்ந்திருக்கும்.

இந்த வருடமும் குளிர் வந்தது. சித்தி மண்டியிட்டு மேல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது.

“கை ஈரம். யாருன்னு பாருடி.”

பார்த்தேன். சித்தப்பா. என் முகத்திலேயே படித்துவிட்டாள். எழுந்து, ஈரத்துணியை நான்காக மடித்து அலமாரி மேல் வைத்துவிட்டு, “வாசி” என்றாள்.

“இன்னைக்கு இங்க நல்ல குளிர். என் கோட்டு இன்னும் உன்கிட்டதான் இருக்கும்னு தெரியும். அன்னைக்குப் பெட்டியை மூடுறப்பவே பார்த்தேன், நீ அதை வைக்கல. நீ எதையும் மறக்கிற ஆள் இல்ல. போற வழியிலேயே வேற ஒண்ணு வாங்கிட்டேன். உன்கிட்ட இருக்கிறதை யாருக்காவது கொடுத்துடு.”