வெள்ளை நாய் நக்கிய கை

அந்தத் தெருக்களில் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுகாதார நிலையத்து வண்டியில் உட்கார்ந்து, தடுப்பூசி முகாம், கொசு மருந்து, குடிநீர் என எதுவானாலும் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போவது அவள் வேலை.

ஒரு நாள் காலை டாக்டரம்மா அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"மார்க்கெட் பக்கம் செத்துக் கிடந்துச்சே, காது அறுந்த வெள்ளை நாய்? அதுக்கு வெறி இருந்தது உறுதியாயிடுச்சு. அது கடிச்சவங்க, கீறினவங்க, புண்ணுல நக்கினவங்க, எல்லாரும் இன்னைக்கே வரணும். தண்ணி தொண்டையில இறங்காமப் போயி, நோய் வெளியில தெரிஞ்சிட்டா அப்புறம் நம்ம கையில ஒண்ணுமில்ல."

அந்த நாய்க்குத் தினமும் பிஸ்கட் போட்டது அவள் கணவன். கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவன்.

போன் செய்தாள். எடுக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. அறிவிப்புக்கு நடுவே மறுபடி மறுபடி அவன் எண்ணையே அழுத்தினாள். கடைத்தெரு வந்ததும் குதித்து ஓடினாள்.

"கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல, கத்திரி பட்டுச்சு." அவன் கையைத் துணிக்கடியில் இழுத்துக்கொண்டான்.

"அந்த நாய் நக்குச்சா?"

அவன் தையல் மெஷினையே பார்த்தான். "போன வாரம்... லேசா. சொன்னா ஊசி போடச் சொல்லுவியேன்னுதான்..."

"நாள் பூரா ஊசியோட குடித்தனம் பண்றவருக்கு ஊசின்னா பயமா?"

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டு அந்தக் கையைக் கழுவினாள். அவனை வண்டியில் ஏற்றிவிட்டு மைக்கை எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரையே கூட்டிட்டுப் போறேன். பயமா இருக்கு எனக்கு. மறைக்காதீங்க, வந்துடுங்க!"

எழுதிக் கொடுத்ததில் இல்லாத வார்த்தைகள். ஆனால் கதவுகள் திறந்தன. முட்டைக்காரி, கெண்டைக்காலில் கீறலோடிருந்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"நேரத்துல வந்துட்டீங்க. ஒரு ஊசியும் தவறக்கூடாது" என்றார் டாக்டரம்மா. சொன்ன நாளிலெல்லாம் வந்து, அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அத்தனையும் போட்டுக்கொண்டான்.

அதன்பிறகும் அவன் தண்ணீர்ச் செம்பை எடுக்கும்போதெல்லாம் அவள் மூச்சு நின்றுவிடும். அவனுக்குப் புரையேறினால் அவளுக்கு உயிரே போய்விடும்.

"ஏன் என் தொண்டையையே பாக்குற?"

அவள் காலிச் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டைக்காரியின் மகளும் நன்றாக ஓடியாடுகிறாள். மைக்கக்காவுக்குத்தான் அந்தப் பயம் தெளிய வெகுநாளாயிற்று.