அந்தரத்துச் சாமியார்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ரோம் நகரத்தில் ஒரு பெரிய சதுக்கத்தின் நடுவே, தரையில் கால் படாமல் அந்தரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சாமியார் என்னோடு காஞ்சிபுரத்துப் பேச்சில் பேசினார். அப்போது எனக்குள் ஏறிய நடுக்கம், அந்த ஊரை விட்டு விமானம் ஏறும் வரை முழுதாக இறங்கவில்லை.

நாங்கள் ரோமுக்கெல்லாம் போய்வருகிற குடும்பம் இல்லை. அப்பாவுக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வெல்டிங் பட்டறை. அந்தப் பக்கத்து கிரில் கேட், மாடிப்படிக் கைப்பிடி, ஜன்னல் கம்பி எல்லாம் பெரும்பாலும் அவர் அடித்ததுதான். அதுவரை நாங்கள் போய்வந்த அதிக தூரம் திருப்பதி. எங்களை ரோமுக்கு வரவழைத்தவர் அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா. ஆறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்குப் போனவர் அங்கே ஒரு பெரிய ஓட்டலில் சூப்பர்வைசராக இருந்தார். வீடியோ காலில் எப்போதும் வெள்ளைச் சட்டையும் டையுமாகத் தெரிவார். அக்காவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லி, எங்கள் மூன்று பேருக்கும் அவரே டிக்கெட் எடுத்து அனுப்பினார்.

அப்பாவுக்கு மாமாவைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. மதிக்கமாட்டார், அவ்வளவுதான். மாமா பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவின் பட்டறையில் கொஞ்ச நாள் இருந்திருக்கிறார். கண்ணாடி போடாமல் வெல்டிங் வைத்துக் கண் வீங்கி, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் மாமாவின் பேச்சு வந்தால் அப்பா ஏதாவது சொல்லுவார். "ஒரு கம்பிய நேரா புடிக்கத் தெரியாது உன் தம்பிக்கு" என்கிற மாதிரி ஒரே ஒரு வாக்கியம்தான். அந்த ஒரு வாக்கியம் படுக்கப் போகும்வரை அம்மாவின் முகத்தில் இருக்கும். டிக்கெட் வந்த பிறகு அப்பாவின் வாய் அடங்கியது. அடங்கியதோடு நிற்காமல், பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மச்சான் ரோமில் சூப்பர்வைசர் என்று தானே வலியப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா இருந்தது நகரத்துக்கு வெளியே ஓர் அடுக்குமாடி வீட்டில். கூடத் தங்கியிருந்த நண்பர்களை எங்களுக்காக வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தார். காலையில் நாங்கள் எழுந்திருக்கும்போதே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருப்பார். எந்த ரயிலில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் பேசிப் பதிவு செய்து அப்பாவின் போனுக்கு அனுப்பிவிட்டுப் போவார். நாங்கள் அந்தக் குரலைப் போட்டுக் கேட்டுக் கேட்டு ஊர் சுற்றினோம். ஒரு சதுக்கத்தின் பெயரைச் சொல்லி, அங்கே மட்டும் போக வேண்டாம், பிக்பாக்கெட் அதிகம் என்று வந்த அன்றே சொல்லிவைத்திருந்தார்.

நாங்கள் வேண்டுமென்று அங்கே போகவில்லை. நீரூற்று ஒன்றைப் பார்க்கக் கிளம்பியபோது அப்பா வழியைத் தவறவிட்டார். யாரையும் வழி கேட்பது அவருக்கு ஆகாது. வெயில் நம் ஊர் வெயிலைப் போலவே இருந்தது. அம்மாவுக்குப் புதுச் செருப்பு கடித்துக் குதிகால் புண்ணாகி, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்தாள். ஒரு குறுகலான சந்தில் நுழைந்து மறுபக்கம் வந்தால், கண் கூசும்படி விரிந்து கிடந்தது அந்தச் சதுக்கம். அம்மா நேராகப் போய் ஒரு கல் இருக்கையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

அப்போதுதான் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். வட்டமாக நின்றவர்களுக்கு நடுவே காவி உடுத்திய ஒருவர் தரையில் சம்மணம் போட்டு, நிமிர்ந்த ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதே கம்பின் மேல்முனையை ஒரு கையால் பிடித்தபடி, அவருடைய தலைக்கும் மேலே, இன்னொரு காவிச் சாமியார் வெறும் காற்றில் உட்கார்ந்திருந்தார். பலகை இல்லை. கயிறு இல்லை. தலைப்பாகை, மார்பு வரை தாடி, கறுப்புக் கண்ணாடி, முகமெல்லாம் விபூதி குழைத்துப் பூசியதுபோல வெள்ளை.

நான் கோயில் ஊர்க்காரி. காவி கட்டியவர்களைப் பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே பார்த்து வளர்ந்தவள். கருட சேவை அன்று பெருமாள் ஜனங்களின் தலைக்கு மேலே ஆடி ஆடி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவருக்குக் கீழே தோள்கள் இருக்கும். இங்கே தோள்களே இல்லை. "அம்மா, அங்க பாரு" என்று கத்தினேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

சாமியாரின் கை கம்பில் ஒரு கணம் ஆடியது.

கூட்டத்தில் இருந்த ஒரு வாலிபன் காலித் தண்ணீர் பாட்டிலால் சாமியாரின் உள்ளங்காலைக் குத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சாமியார் அசையவே இல்லை.

"எல்லாம் டூப்புமா. துணிக்குள்ள கம்பி இருக்குது. எப்டி வளைச்சி ஒட்டியிருக்கான்னு பாக்கணும்" என்றார் அப்பா. இரும்பு என்று வந்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது. பெரிய தேவாலயத்தில் எல்லாரும் அண்ணாந்து கூரைச் சித்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் குனிந்து தடுப்புக் கம்பியின் வெல்டிங் ஒட்டைத் தடவிக்கொண்டிருந்தார். என் கையில் ஒரு நாணயத்தைக் கொடுத்து, "நீ முன்னால போயி தட்டுல போடு. ரெண்டு பேரும் உன்ன பாத்துக்கினு இருப்பாங்க. நான் பின்னால பூந்து பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

பயமும் ஆசையுமாகப் போய் நாணயத்தைத் தட்டில் போட்டேன். மற்றவர்கள் போட்டபோது சாமியார் தலையைத் தாழ்த்தி ஆசீர்வாதம் செய்ததைப் பார்த்திருந்தேன். எனக்கு அவர் தலையைத் தாழ்த்தவில்லை. தாடி மட்டும் அசைந்தது.

"பாப்பா, அப்பாவ அந்தாண்ட இட்டுக்கினு போயிடுமா."

சதுக்கத்தின் இரைச்சல் முழுதும் நின்றுவிட்டதுபோல இருந்தது. சாமிக்குத் தமிழ் தெரிகிறது என்பதுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு முடிவதற்குள், அது காலையில் அப்பாவின் போனில் எந்த ரயிலில் ஏற வேண்டும் என்று சொன்ன குரல் என்பது உறைத்தது.

"சீக்கிரம்மா" என்றது குரல்.

என் மாமா அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை எங்கே, டை எங்கே, ஓட்டல் எங்கே என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் அப்பாவின் நினைவு வந்தது. அவர் பார்த்துவிட்டால் ஊருக்குப் போய் ஒரு வாக்கியம் சொல்வார். அந்த வாக்கியத்தை அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அழுகை முட்டிக்கொண்டு வர, கூட்டத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன்.

அப்பா ஏற்கெனவே குந்தியிருந்தார். காவித் துணியின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கித் தலையை உள்ளே விட்டிருந்தார். கம்பைப் பிடித்திருந்த கீழ்ச்சாமியார் திரும்ப முடியாமல் "நோ, நோ" என்று பதறினார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, வாப்பா. எனக்கு ஒண்ணுக்கு வருது."

அப்பா வரவில்லை. அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அது அப்படியே இருந்தது. மேலேயிருந்து மெதுவாக ஏதோ ஒரு வார்த்தை விழுந்தது. "மாமா" என்பதுபோல என் காதில் பட்டது. அக்கா புருஷனை மாமா அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா துணியைக் கீழே விட்டு, மடிப்பை இழுத்துச் சரி செய்துவிட்டு எழுந்தார். அந்த வாலிபன் மறுபடியும் பாட்டிலை ஓங்கிக்கொண்டு வந்தான். அப்பா அவன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். அவன் தன் மொழியில் ஏதோ கத்தினான். அப்பா அவனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார், அவன் நகரும் வரை. பிறகு பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து நடந்தார்.

"கம்பி இருந்துதாப்பா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இல்லமா. ஒண்ணுத்தையும் காணோம்."

எனக்கு இன்னொரு அதிர்ச்சி அதுதான். காலமெல்லாம் இரும்போடு இருக்கிற மனிதர், மூக்குக்கு நேரே இருந்த கம்பியைக் காணவில்லை என்கிறார். மேலே உட்கார்ந்திருந்தது யார் என்றும் தெரியவில்லை. 'மாமா' என்று விழுந்ததுகூடக் கேட்கவில்லை. நல்லவேளை என்று மூச்சு விட்டேன். கூடவே, அப்பாவா இப்படி என்று என்னவோபோல இருந்தது.

சாயங்காலம் மாமா வழக்கம்போல வெள்ளைச் சட்டையில் வந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"காதாண்ட இன்னாடா வெள்ளையா?"

"ஓட்டல்ல பெயின்ட் அடிக்கிறாங்கக்கா."

அம்மா தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியைப் போட்டுச் சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டே அன்றைய கதையை ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு ஒரு சாமியார பாத்தோம்டா. அப்டியே அந்தரத்துல உக்காந்துக்கினு இருக்காரு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிப் போச்சி. என் தம்பிய நல்லா வச்சிருன்னு கும்புட்டு வேண்டிக்கினேன்."

மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா விடவில்லை. "அது எப்டிடா முடியுது அவங்களால? இவரு இன்னாவோ டூப்புன்னாரு" என்றாள்.

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா பேசினார்.

"நான் கிட்டப் போயிப் பாத்துட்டேன். டூப்பு இல்ல. அப்டி நாள் பூரா உக்காரணும்னா சாதாரண ஆளால முடியாது." பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, மாமாவைப் பார்க்காமலே கேட்டார். "நீ அந்தக் கொலோசியத்துக்குள்ளல்லாம் போயிருக்கியாப்பா?"

"வெளியிலிருந்து பாத்திருக்கேன் மாமா."

"ஆறு வருஷமா இருக்க. நாளைக்கு லீவு போடு. எங்ககூட வா."

மறுநாள் மாமா எங்களோடு வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை, சாதாரண டீ-ஷர்ட். டிக்கெட்டை அப்பாதான் வாங்கினார், யாரையும் வாங்க விடவில்லை. உள்ளே போனதும் மாமா சின்னப் பையன்போல அங்கும் இங்கும் பார்த்தார். அப்பா அவரை அந்தக் கல்லில் நில், இந்த வளைவில் நில் என்று சொல்லி, அம்மாவையும் என்னையும் எடுத்ததைவிட அதிகமாகப் போட்டோ எடுத்தார். "சிரிப்பா, சும்மா சிரி" என்றார். மாமாவுக்குச் சிரிப்பு சரியாக வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றார்.

அங்கிருந்து, முதல் நாள் பார்க்காமல் விட்ட நீரூற்றுக்கு நடந்தோம். மாமாதான் வழிகாட்டினார். பழைய கட்டடங்களுக்கு நடுவே நிழலிலேயே வந்து, ஒரு சந்தின் முனையில் சட்டென்று நின்றார். எனக்கு அந்தச் சந்து தெரிந்தது. நுழைந்து வெளியேறினால் அந்தச் சதுக்கம். தூரத்தில் கூட்டம் வட்டமாக நிற்பதும், தலைகளுக்கு மேலே இன்று மாமாவுக்குப் பதில் வேறு யாரோ காவியில் தெரிவதும் இங்கிருந்தே பார்க்க முடிந்தது.

அப்பா முன்னால் வந்தார். "இந்தப் பக்கம் வேணாம். ரோட்ட தோண்டிப் போட்டிருக்கான், நேத்து பாத்தனே. வெளியால சுத்திக்கினு போலாம்" என்றார். அம்மா, காலில் பிளாஸ்திரி போட்டிருப்பதை நினைவுபடுத்தினாள். அப்பா அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார். மாமா கொஞ்ச நேரம் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார்.

அங்கே எந்த ரோட்டையும் யாரும் தோண்டியிருக்கவில்லை. நானும்தானே முதல் நாள் அங்கே நின்றேன். தார் உருகுகிற அந்த வெயிலில், கண்தான் போய்விட்டது என்று பார்த்தால் அப்பாவுக்கு ஞாபகமும் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு, கால் வலிக்கிறது கால் வலிக்கிறது என்று முனகியபடியே எல்லாருக்கும் கடைசியாக நடந்தேன்.