ராக்கெட்டுக்கு ஒரு சீட்

கிறேசுக்கு வாய்க்கு முந்திக் கை பேசும். ருவான்வெல்லைக்கு மேலே இருக்கிற அந்த இறப்பர் தோட்டத்தில் அவளிடம் அடி வாங்காதவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்பன் அடித்து வளர்த்த பிள்ளை. கட்டிக்கொடுத்த பிறகு புருஷன் லோரன்ஸ் குடித்துவிட்டு வந்து அடித்தான். கொஞ்ச காலம் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் விறகுக் கட்டையால் திருப்பிக் கொடுத்தாள், அவன் காது கிழிந்தது. அதற்குப் பிறகு லோரன்ஸ் குடித்தால் வீட்டுப் பக்கம் வருவதில்லை, மாட்டுப்பட்டியில் படுத்துக்கொள்வான். அதே கையால்தான் பக்கத்து லயத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொண்டு போவாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அவர்கள் இருந்தது லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. ஒரே அறைதான், நடுவில் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டு இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் கிறேசும் லோரன்சும். அந்தப் பக்கம் லோரன்சின் அண்ணன் பவுலும் அவன் பெண்சாதி ஸ்டெபானியும். இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி, ஓயாத சண்டை. ஆனால் தோட்டத்துக்கு அது ஒரு காம்பராதான். தகரம் கொடுத்தாலும் கம்பளி கொடுத்தாலும் காம்பராவுக்கு ஒன்று.

சுனாமிக்கு மறு வருஷம், பஜாரில் மயில்வாகனம் முதலாளி கடை டீவியில் ஒரு விளம்பரம் வந்தது. கொழும்புப் பக்கத்து விளையாட்டுப் பூங்காவுக்கு ராக்கெட் வருகிறதாம். வெளியே பார்த்தால் பெரிய பெட்டி. உள்ளே வரிசையாக நாற்காலி. இடுப்பில் வாரைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்களாம். பெட்டி நின்ற இடத்திலேயே எகிறிக் குலுங்குமாம், எதிரே திரையில் பூமி சின்னதாகிப் போகுமாம், கடைசியில் நிலாவில் கொண்டுபோய் இறக்குமாம். சீனி வாங்கப் போன கிறேஸ் சீனியை மறந்துவிட்டு, அந்த விளம்பரம் இன்னொரு தடவை வருமா என்று கடை சாத்தும்வரை நின்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை. அது திறக்கிற நாளைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டாள். குலுக்கலுக்குப் பழகவேண்டும் என்று, தோட்டத்து டிராக்டர் பெட்டியில் எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டு மேட்டுப் பாதையில் வந்தாள். விழுந்து முட்டி பெயர்ந்தது. மறுநாளும் ஏறினாள்.

ராக்கெட் பார்க்கப் போக மாதா கோயில் சங்கம் பஸ் பிடித்தது. சீட் எப்படி? வழக்கம்போல் காம்பராவுக்கு ஒன்று. மூத்தவன் நான், சீட் எனக்கு என்றான் பவுல். லோரன்ஸ் அண்ணனுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. சாக்குக்கு இந்தப் பக்கம் நின்று கிறேஸ்தான் கேட்டாள். அந்தப் பக்கமிருந்து சிரிப்புத்தான் வந்தது.

மறுநாள் பால் ஸ்டோரில் எல்லாரும் மரப்பட்டையில் வெட்டி வடித்த இறப்பர் பாலோடு வரிசையில் நிற்கும்போது பவுல் அந்தச் சிரிப்பைச் சபைக்குக் கொண்டுவந்தான்.

"நம்ம கிறேசு ராக்கெட்ல ஏறப்போவுதாம். வாந்திய தொடைக்க பின்னால இன்னொரு ராக்கெட் போவணும்."

வரிசை சிரித்தது. கிறேஸ் வாளியைத் தூக்கி அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள்.

இறப்பர் பால் முடியில் பட்டால் என்னவாகும் என்று வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். கழுவக் கழுவ ஒட்டும். காய்ந்தால் முடியும் பாலும் சேர்ந்து தோலாகிவிடும். சிரைப்பதைத் தவிர வழியில்லை. பவுலோ எண்ணெய் வைத்து நடுவகிடு எடுத்துத் திரிகிறவன். கண்ணை வழித்துவிட்டுப் பால் கலக்குகிற தடியை எடுத்தான். அவள் ஓடவில்லை. முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்தது தலைக்கு வந்தது, கையைக் கொடுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. விழுந்தவள் அவன் கெண்டைக்காலைக் கடித்தாள், வாயில் சதை வந்தது. ஸ்டெபானி ஓடிவந்து அவள் கொண்டையைப் பிடித்தாள். ஸ்டெபானிக்கும் ஓர் உதை. கங்காணி கந்தையா தண்ணீரை அள்ளி ஊற்றித்தான் பிரித்தெடுத்தார், நாய்ச்சண்டையைப் பிரிக்கிற மாதிரி.

பவுலின் தலையை மழித்தார்கள். தோலும் கூடவே உரிந்து அங்கங்கே புண். லயத்துப் பிள்ளைகள் முட்டை முட்டை என்று கத்தின. அந்தத் தலையோடு பஸ்ஸில் ஏற அவனை ரோசம் விடவில்லை. சீட் கிறேசுக்கு வந்தது. நாட்டு வைத்தியர் வெதமாத்தயா மூங்கில் பத்தை வைத்து, பச்சிலை அப்பிக் கட்டிய கையோடு பஸ் ஏறினாள். அசைத்தால் கை கோணிவிடும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

ராக்கெட் வாசலில் காவல்காரன் மறித்தான். எலும்பு முறிந்தவர்களை ஏற்றமாட்டோம், நங்கி, என்று சிங்களத்தில் சொல்லிப் பலகையிலிருந்த படத்தைக் காட்டினான். அவன் பாஷையிலேயே கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். பிறகு கக்கூசுக்குப் பின்னால் போய், கையில் கட்டிய துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். மூங்கிலை எறிந்துவிட்டுப் பச்சிலையைக் கழுவினாள். வீங்கிய கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் வந்து நின்றாள். காவல்காரன் அவள் முகத்தைப் பார்த்தான். பால் ஸ்டோரில் விழுந்து கன்னத்தில் கன்றிய நீலம் இன்னும் போகவில்லை. வழிவிட்டான்.

கதவு சாத்தினார்கள். பெட்டி உதைத்தது. இந்தப் பக்கம் வீசியது, அந்தப் பக்கம் அறைந்தது. முறிந்த எலும்பு உள்ளே கல்லும் கல்லுமாக அரைபட்டது. எல்லாரும் அம்மா, மாதாவே என்று அலறினார்கள். கிறேசுக்கு இது தெரிந்த விஷயம். கழுத்து ஒடிகிறதும் பல் கடகடக்கிறதும் அடி வாங்குகிறபோது எப்படியோ அப்படியேதான். ஆனால் சுற்றிப் பார்த்தாள், ஒருவன் கையும் அவள் மேல் இல்லை. திருப்பி அடிக்க ஆளில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் நிலா வந்தது, சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி குழி குழியாக.

அவள் திரும்பி வந்த சாயங்காலம் லயமே காம்பரா வாசலில் கூடிவிட்டது. பஸ்ஸிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாக்குக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கதவு சாத்தின இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டு தேத்தண்ணி கேட்டாள்.

சர்ரென்று சாக்கு கிழிந்தது. பால்வெட்டுக் கத்தியோடு, மொட்டைத் தலையில் புண்ணோடு பவுல் நின்றான்.

"மிச்சத்த சொல்லுடி."

கிறேஸ் எழுந்திருக்கவில்லை. கோணிப்போன கையை அவன் பார்க்கும்படி மடியில் எடுத்து வைத்தாள்.

"அடுத்த பஸ்ல நீங்களே போங்க அத்தான். ஆனா கைய முறிச்சிக்கிட்டுத்தான் போவணும்."

பவுல் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு கத்தியைக் கீழே போட்டான்.

மறுநாள் சாக்கை அவன்தான் தைத்தான். கோணி ஊசியில் நூல் கோக்க அவனுக்குக் கண் தெரியாது. கிறேஸ் ஊசியைப் பல்லில் பிடித்து, ஒற்றைக் கையால் கோத்துக் கொடுத்தாள். கிழியலின் மறுமுனையையும் பிடித்தாள். நிலாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.