பங்காக் கயிற்றில் ஒரு ஜெபம்

மலாக்காவில் அப்போது மின்விசிறியைக் கண்டவர்கள் குறைவு. கோர்ட்டிலும் துரைமார் வீடுகளிலும் உத்தரத்திலிருந்து நீளமான துணி மடிப்பு ஒன்று தொங்கும். அதுதான் பங்கா. அதன் கயிறு சுவரில் உள்ள ஓட்டை வழியாக வெளி வராந்தாவுக்கு வரும். வராந்தாவில் உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்து இழுத்து விடுகிற ஆள் நான். வார நாட்களில் கோர்ட்டு. ஞாயிறு காலையில் ஆற்றோரத்து ஆலயம். உள்ளே துரைமார் ஆங்கிலத்தில் ஆராதனை செய்வார்கள், வெளியே நான் அவர்களுக்குக் காற்று வீசிக்கொண்டிருப்பேன்.

அதே ஆலயத்தை மத்தியானத்துக்கு மேல் தமிழ்ச் சபைக்கு விடுவார்கள். காற்றை மட்டும் விடமாட்டார்கள். பங்கா எங்கள் தலைக்கு மேல் சும்மா தொங்கும். அதை ஆட்டலாமா என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை, எனக்கும்தான்.

காஜா பேராங் தெருவில் இருந்த என் வீட்டிலிருந்து நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் நடந்து வருவேன். இப்போது நான் வேலையாள் இல்லை, உள்ளே உட்காருகிற ஆள். ஆனால் உட்கார்ந்து என்ன பிரயோசனம்? கண்ணை மூடினால் உடம்பு ஆடத் தொடங்கிவிடும். மனசு கயிற்றோடு முன்னும் பின்னும் போய் வரும். உபதேசியார் குரல் தூரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். ஆற்றில் சரக்குத் தோணிக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். அதில் நல்ல வசவாக ஒன்று வந்தால் அது மட்டும் தெளிவாகக் காதில் விழும். ஜன்னல் வெளிச்சம் பெஞ்சுகளின் மேல் மெல்ல நகர்ந்து வரும். அது என் முழங்காலைத் தொடுவதற்குள் ஒரு ஜெபமாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒரு நாளும் முடிந்ததில்லை.

ஒருமுறை முழங்காலில் நின்று ஜெபிக்கையில் என் கை தானாக நீண்டு, முன்னால் நின்ற சபை மூப்பரின் தோள்துண்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டது. இழுப்பதும் விடுவதுமாக நல்ல தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் பெரிய மனிதர், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு திரும்பாமலே, "தம்பி, எனக்கு வேர்க்கல. துண்ட விடு" என்றார். பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பி அடங்கவே நேரமாயிற்று. என் மனைவிக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வந்தாள்.

அவள் செங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. சோறு போடவா, விளக்கு ஏற்றவா, அவ்வளவுதான். அவளை எனக்குப் பிடிக்கும் என்று சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டிய ஒன்று என்றும் எனக்குத் தெரியாது.

அவளுக்குப் பிரசவ வலி வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மருத்துவச்சியைக் கூட்டி வந்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால், தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்காச் செட்டிகள் குடியிருந்த செட்டிக் கம்பத்து அம்மாள் அவள். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சரோங், வாயில் மலாய். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். விடிந்தது, பிள்ளை வரவில்லை. காலையில் போய் பங்கா இழுத்துவிட்டு ஓடி வந்தேன். அப்போதும் வரவில்லை. உள்ளேயிருந்து அவள் கத்துவது நின்று, முனகல் மட்டும் கேட்டது. கத்தலைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மருத்துவச்சி வெளியே வந்து கையைத் துடைத்தபடி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இரண்டு உயிரில் ஒன்று தங்கினாலே பெரிய காரியம் என்று மலாயில் சொன்னாள். நான் உள்ளே எட்டிப் பார்க்கப் போனேன்.

"கெலுவார்!" என்று அதட்டி வெளியே தள்ளினாள். "இங்க நின்னு என் காலச் சுத்தாதே. உன் சாமிகிட்டப் போய்க் கேளு" என்பதுதான் அவள் மலாயில் சொன்னதன் அர்த்தம்.

போனேன். வெயிலில் எப்படி நடந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. தெரு காலுக்குக் கீழே தானாக ஓடி, என்னைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டது. பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியிருந்தது. கடைசி பெஞ்சில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினேன். ஆண்டவரே என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை! ராத்திரியெல்லாம் தூங்காத கண் சொக்கியது. ஒரு குழந்தை சிணுங்கியது. தோணிக்காரன் எவனோ மீன் விலை கூவினான். நானும் பாவி, அந்த விலை அதிகம் என்று நினைத்தேன். என் மனைவி சாகக் கிடக்கிறாள், நான் மீன் விலை பார்க்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. வலது கை வேறு பெஞ்சு விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

சரி, இழுத்துத் தொலை என்று எழுந்தேன். வெளியே போய் வராந்தாவில் என் இடத்தில் உட்கார்ந்தேன். ஆணியில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து இழுத்தேன்.

சுவருக்கு உள்ளே பங்கா முனகிக்கொண்டு அசைந்தது. உபதேசியாரின் குரல் நின்றது. ஓட்டை வழியாகப் பார்த்தால் சபை முழுவதும் அண்ணாந்து மேலே பார்த்தபடி இருந்தது. ஏதோ காகிதம் ஒன்று பறந்தது. நிறுத்தச் சொல்லி யாராவது வருவார்கள் என்று நினைத்தேன், வரவில்லை. உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். பெண்கள் விசிறிகளை மடியில் வைத்துவிட்டார்கள்.

இழுக்கையில் 'அவளை' என்றேன். விடுகையில் 'விட்டுவையும்' என்றேன். அவளை, விட்டுவையும். அவளை, விட்டுவையும். எப்போதோ தோணிக்காரர்கள் இல்லாமல் போனார்கள். வெயில், வராந்தா, என் கை எல்லாமே இல்லாமல் போயின. கயிறு மட்டும் போய்ப் போய் வந்தது. அதன் மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டு நான் சொல்வதைக் கேட்டபடி இருப்பதாகத் தோன்றியது. பயம்கூட இல்லை. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்து வருகிற மாதிரி இருந்தது. ஒரு முகம், ஒரு சொல், வேறெதுவும் இல்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு ஜெபம் நான் செய்ததில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். மூப்பர். ஆராதனை முடிந்து எல்லோரும் போய்விட்டார்களாம்.

"போதும்ப்பா" என்றார். "வீட்டுக்குப் போ."

ஓடினேன். வாசலில் மருத்துவச்சி கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், பெண் குழந்தை, இரண்டு பேரும் பிழைத்தார்கள், பிள்ளையைத் திருப்பித் திருப்பித் தன் கை செத்துவிட்டது என்றாள். அவள் காலில் விழப்போனேன். சீ போ என்று உள்ளே விரட்டினாள்.

மனைவி வெளுத்துப் போய்க் கிடந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் ஒரு சிவந்த மூக்கு.

"எங்க போயிட்டீங்க?" என்றாள். குரலே இல்லை.

"கோயிலுக்கு. ஜெபம் பண்ண."

"நீங்களா!" என்று அந்த நிலையிலும் கேலி செய்தாள். "யார் துண்ட இழுத்தீங்க?"

"இல்ல. இன்னிக்கு ஒழுங்காத்தான் பண்ணேன்."

"என்ன கேட்டீங்க?"

"உன்ன விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டேன்."

"பிள்ளைய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நேரத்தில் பிள்ளை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பெற்றவளிடம் இதை எப்படிச் சொல்வது? பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"கேக்கல. உன்ன மட்டுந்தான் கேட்டேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதோரம் போயிற்று. அதைத் துடைக்கக்கூட அவளுக்குக் கை எழவில்லை, நான்தான் துடைத்தேன்.

"நான் பிள்ளைய மட்டுந்தான் கேட்டேன்" என்றாள். "என்னையும் யாராச்சும் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."