அத்தான் வரி போட்ட தடி

என் அக்கா மேரிசாந்தியின் கணவர் யேசுரட்ணம் வாழ்நாளில் ஒருமுறைகூடத் துவக்கால் சுட்டதில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து லண்டனுக்கு ஓடி வந்த மனிதர். பன்னிரண்டு வருடம் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்துவிட்டு, பிறகு ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தார். அங்கே என்ன வேலை என்று சொன்னால் சொந்தக்காரர் எல்லாரும் சிரிப்பார்கள். பழைய காலத்து மாதிரித் துவக்குகளுக்குத் தடி செய்கிற வேலை.

அந்தத் துவக்குகளுக்குக் குழல்வாய் வழியாகத்தான் வெடிமருந்தும் குண்டும் போட வேண்டும். போட்டதை அடிவரை தள்ளி இறக்க ஒரு நீள மரத்தடி வேண்டும். அத்தான் அந்தத் தடிக்கு வரி போடுவார். டேப்பை இடைவெளி விட்டுச் சுற்றி ஒட்டி, வெளியே தெரிகிற மரத்தில் அமிலச் சாயம் பூசி, சூடு காட்டி, டேப்பை உரித்தால் பாம்பு சுற்றியதுபோல் கறுப்பு வரி இருக்கும். சனிக்கிழமைகளில் பொழுதுபோக்காகச் சுடப் போகிற வெள்ளைக்காரர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். அத்தானுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

வரி போடுமுன் ஒவ்வொரு தடியையும் இரண்டு முனையில் பிடித்து வளைத்துப் பார்க்க வேண்டும். மரத்தின் இழை நேராக ஓடுகிற தடி வில்லாக வளையும். இழை கோணலாகப் போகிற தடி ஒரு நாள் முறியும். முறிந்த கூர் தள்ளுகிறவரின் உள்ளங்கையைத் துளைக்கும். அப்படிப்பட்டதை அத்தான் மூலையில் ஒதுக்கிவிடுவார். வரி போட்ட பிறகு இழையைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது, கறுப்பு வரி கண்ணைக் குழப்பிவிடும்.

ஆனால் கோணல் இழையில்தான் சாயம் அலை அலையாக ஏறும். அந்த வியாழக்கிழமை, மூலையில் கிடந்த ஒன்றை எடுத்து ஆசைக்கு வரி போட்டார், சுவரில் மாட்டி வைக்க. காயட்டும் என்று நல்ல தடிகளோடு சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அடியில் சோக்கால் அடையாளத்துக்கு ஒரு புள்ளடி, ஒரு பெருக்கல் குறி, போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை காலை அத்தானிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு உடன வா. ஒரு மனுசன்ர கை போகப்போகுது."

முதல் நாள் முதலாளி கிரேக், இருந்ததில் பார்க்க வடிவானது என்று அந்தத் தடியையே டெரிக் என்ற வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டாராம். டெரிக் அதைக் கொண்டு காலையிலேயே சர்ரேயில் இருக்கிற சுடுகளத்துக்குப் போயிருந்தார். அத்தான் கிரேக்குக்குப் போனில் சொன்னால், "ஆளைப் பயமுறுத்தாதே, திங்கள் நான் திருப்பி வாங்குகிறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

சாலையில் எங்கோ திருத்தவேலை. கார்கள் ஊர்ந்தன. அத்தான் டெரிக்கின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். யாரும் எடுக்கவில்லை.

"ஏன் அத்தான் அதைத் தொட்டனீங்கள்?" என்று கத்தினேன்.

"வடிவா இருந்தது தம்பி" என்றார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "மாதாவே, அந்தாள் இன்னும் துவக்கைத் தொட்டிருக்கக் கூடாது."

சுடுகளத்தில் கார் நிற்குமுன்பே கதவைத் திறந்து ஓடினார். சுடுகிறார்கள், வராதே என்று பறந்த சிவப்புக் கொடியையும் பார்க்கவில்லை, மறித்தவர்களையும் பார்க்கவில்லை. "டெரிக்! தள்ளாதே!" என்று கத்தினார். யாரோ உரத்த குரலில் சுடுவதை நிறுத்தச் சொன்னார்கள். டெரிக்கின் உள்ளங்கை தடியின் மேல்முனையில் இருந்தது. பாதித் தடி குழலுக்குள் போயிருந்தது.

அத்தான் அதை உருவி எடுத்து, முழங்காலில் வைத்து வளைத்தார். பாதி கூட வளையவில்லை. சடாரென்று முறிந்து, ஒரு சாண் நீளத்துக்குக் கூராக நின்றது. டெரிக் அதைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார், பக்கத்து மரவாங்கில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அடுத்த இடத்தில் நின்ற பெண் தன் தடியைப் பார்த்தாள். அதுவும் அத்தான் வரி போட்டதுதான். கொண்டுவந்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். பிறகு இன்னொருவர். ஆறு வருடத்து வேலை, ஒன்பது தடி, வரிசையாகக் கிடந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அத்தான் முதலாவதை எடுத்து இரண்டு முனையிலும் பிடித்தார். வளைக்கக் கை வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இதுகளை நான் வளைச்சுப் பாத்தனானோ?"

எனக்கு எப்படித் தெரியும்?